கதவருகே சொல்வதை நாற்காலியிலேயே சொல்லுங்கள்



கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா காலமெல்லாம் கொழுந்து கிள்ளியவர். முதுகில் கூடையோடு நாள் முழுக்க மேடேறி இறங்கியதில் உடம்பில் சதையே போடவில்லையாம். மகளுக்கு வேலை தொழிற்சாலையில், உட்கார்ந்த இடத்தில் பொட்டலம் கட்டுவது. இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார். மதியச் சோற்றைப் பாதியாக்கினார். விடுமுறை நாளில் தோட்டத்துச் சாலையில் நடந்தும் பார்த்தார். எடை அசையவில்லை. எந்தத் தேயிலையைக் குடித்தால் உடம்பு இளைக்கும் என்பதுதான் அவர் கேள்வி. கடிதத்தை முடிக்கும்போது, போகிற போக்கில் இன்னும் சில வரிகள்: எப்போதும் அசதியாக இருக்கிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, வீட்டில் எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகமாகக் குளிர்கிறது.

எனக்குக் கேள்வியைவிட அந்தக் கடைசி வரிகள்தான் பெரிதாகப் பட்டன. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டு எழுதினோம். ‘ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க கிளினிக்குக்குப் போவேன், இதெல்லாம் போய்ச் சொல்கிற விஷயமா?’ என்று பதில் வந்தது.

சொல்கிற விஷயம்தான், சகோதரி. முதலில் சொல்ல வேண்டிய விஷயமே அதுதான்.

கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே குளிர்கிறது என்று யார் சொன்னாலும், மலையென்றால் குளிராதா என்றுதான் பதில் கிடைக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து அந்தக் குளிரிலேயே வளர்ந்தவருக்கு, ஒரே வீட்டில் மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும்போது தனக்கு மட்டும் தாங்கவில்லை என்றால், அது மலையின் குளிராக இல்லாமலும் இருக்கலாம். தைராய்டு சுரப்பி மந்தமானால் குளிர் தாங்காது, அசதி விடாது, மலச்சிக்கல் வரும், தோல் வறளும், மாதவிலக்கில் போக்கு அதிகமாகும், எடையும் சில கிலோ ஏறும். இவருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல ரத்தப் பரிசோதனை இருக்கிறது. டிஎஸ்எச் என்ற அந்த ஒரு சோதனைக்கு எழுதிக் கொடுக்க, டாக்டருக்கு இந்த அறிகுறிகள் காதில் விழ வேண்டும். எடை கூடுகிறது என்று மட்டும் சொன்னால், சாப்பாட்டைக் குறையுங்கள் என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடக்கூடும்.

தைராய்டு மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அது வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போக வேண்டிய மாத்திரை. விடியலில் எழுந்ததும் கெட்டிப் பால் ஊற்றிய தேநீரோடு மாத்திரையை விழுங்கும் பழக்கம் தோட்டப்புறத்தில் மட்டும் அல்ல, நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அப்படிச் செய்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடியுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

எடையைப் பிடித்து வைக்கிற மருந்துகளும் இருக்கின்றன. ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனொலால், மெட்டோப்ரொலால் போன்றவை சிலருக்குக் கொஞ்சம் எடையைக் கூட்டும். இனிப்பு நீருக்கான இன்சுலினும் கிளிக்லசைடும் அப்படித்தான், மெட்ஃபார்மின் அப்படியில்லை. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நாள்கணக்கில் சாப்பிடும் பிரெட்னிசொலோன், மனநலத்துக்கான சில மாத்திரைகள், கருத்தடைக்கான மூன்று மாத ஊசி ஆகியவையும் இந்த வரிசையில் வரும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாத்திரை எடையைக் கூட்டுமா, கூட்டாத வேறொன்று எனக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இனி அந்தத் தேயிலைக் கேள்வி. ஜே. ஏ. ரசல் 1929இல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த மலைச்சரிவுகளில் விளையும் தேயிலை நல்ல பானம். சீனியும் கெட்டிப் பாலும் குறைத்துக் குடித்தால் இன்னும் நல்லது. அது கொழுப்பைக் கரைக்கும் மருந்து அல்ல. ‘இளைக்க வைக்கும் டீ’ என்று விற்கும் பல பொட்டலங்களில் இருப்பது நிலாவாரை இலை. அது பேதி மருந்து. குறைவது உடம்பின் நீர். தொடர்ந்து குடித்தால் பொட்டாசியமும் குறைந்து இதயத்துடிப்பையே பாதிக்கலாம். இதைவிட மோசமானவையும் உண்டு. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின், இளைக்க வைக்கும் பொருள்கள் சிலவற்றில் கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலிக்கு என்று விற்கும் சில பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பிடிபட்டிருக்கிறது. மூட்டு வலி பறந்துவிட்டது, முகம் மட்டும் உப்பிக்கொண்டே போகிறது என்பவர்கள் அந்தப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். எல்லாத் தோட்டத்திலும் நல்ல மருந்து இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் லயத்தில் யார் எப்படி இருந்தார், இப்போது எப்படி ஆகிவிட்டார் என்பது அவருக்குக் கண்ணால் பார்த்தே தெரியும். இன்று தானா ராத்தா சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனையிலோ அரசாங்க கிளினிக்கிலோ நம்மைப் பார்க்கும் டாக்டர் பெரும்பாலும் வெளியூர்க்காரர், இளையவர். வெளியே நீண்ட வரிசை. நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் நம் ஆட்கள், பெண்கள் குறிப்பாக, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை போய்விட்டுத்தான் திரும்பி ‘டாக்டர், இன்னொன்று’ என்கிறார்கள். அந்த இன்னொன்றை உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுங்கள்.

சோர்வாக இருக்கிறது என்று நிறுத்தாமல், போன தீபாவளிக்கு நிற்காமல் ஏறிய மேட்டில் இப்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். குறட்டையா? பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, நடுவில் மூச்சு நின்றுபோவதாக வீட்டுக்காரர் சொல்கிறார் என்று சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பகலெல்லாம் அசத்தும், பசியையும் கூட்டும். மலாய் தடுமாறினால் மகனையோ மகளையோ கூட்டிப் போகலாம்தான். ஆனால் மாதவிலக்குப் பிரச்சினையை மகன் வாய்வழியாக எந்தத் தாய் சொல்வாள்? தமிழ் தெரிந்த தாதி, அதாவது மிஸ்ஸி, இருக்கிறாரா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். மாதவிலக்குத் தள்ளித் தள்ளிப் போகிறது, தாடையில் முடி வளர்கிறது, எடையும் ஏறுகிறது என்றால் கருமுட்டைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். கல்யாணம் ஆகாத பெண், வெளியே தெரிந்தால் பேச்சாகும் என்று அதை மறைக்கிற அம்மாக்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பிள்ளையின் உடம்புக்கு மறைப்பதால் என்ன நன்மை?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்று தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவரிடம்தான் அது அதிகம். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினாலே நமக்கு எச்சரிக்கை. ஆகவே எடை பற்றிக் கேட்பதை அழகுக் கவலை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘எடையைக் குறையுங்கள்’ என்று சொல்வதற்கு முன், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாதிச் சோற்றோடு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவரிடம் அந்தக் கேள்வி நிறைய வெளியே கொண்டுவரும்.

எடை தானாகக் குறைகிறவர்கள் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்கவே வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டும் ஆறு மாதத்தில் 60 கிலோ 57க்கு வந்துவிட்டால், ‘நல்லா இளைச்சிட்டியே’ என்று ஊர் பாராட்டும். ஆனால் கட்டுக்கடங்காத இனிப்பு நீர், வேகம் கூடிய தைராய்டு, காசநோய், புற்றுநோய் என்று பல காரணங்கள் அதன் பின்னால் இருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அந்த வாரத்திலேயே போய்விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்