பாத ரண சிகிச்சையும் விரலிடுக்கும்

காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசிப்போரும், அலிபிரியிலிருந்து திருமலைப் படிகளில் ஏறுவோரும் வெறுங்காலுடன் நடப்பது வழக்கம். சித்தூர்ப் பகுதியின் கரும்பு, நெல் வயல்களில் உழைப்போரின் கால்களோ சேற்றிலேயே ஊறுகின்றன. அத்தகைய பாதத்தில் ரண சிகிச்சை செய்ய நேருங்கால், தோலை எம்மருந்தால் சுத்தி செய்வது என்ற வினா எழுகிறது. வினா நியாயமானதே, ஆனால் அது புட்டியின் பெயரோடு நின்றுவிடுவது பெருங்குறையாகும்.

பாதத்தின் தோல் வயிற்றுத் தோலைப் போன்றதன்று. உள்ளங்கால் தடித்து வெடித்திருக்கும். விரலிடுக்கு ஈரம் உலராது சேற்றுப்புண்ணுக்கு இடந்தரும். நகக்கண்ணுள் மருந்து எளிதில் புகாது. 2005ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 125 நோயாளிகளிடம் மூன்று மருந்துகள் ஒப்பிடப்பட்டன. குளோர்ஹெக்ஸிடினும் ஆல்கஹாலும் கலந்த மருந்தே முதலிடம் பெற்றது. ஆயினும் அதனைப் பூசிய பின்னரும், பெருவிரல் நகக்கண்ணில் எடுத்த மாதிரிகளுள் 100க்கு 30இல் கிருமிகள் வளர்ந்தன. கடைசியில் நின்ற மருந்திலோ 95இல்! அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு, ஆல்கஹாலைத் தூரிகையால் தேய்த்து இடுவதே விரல்களுக்கு மேலானது எனக் கண்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் குளோர்ஹெக்ஸிடின்-ஆல்கஹால் கலவையைப் பரிந்துரைத்தது. 2024இல் வெளியான பெரிய ஆய்விலோ, தோல் கிழியாத கால், இடுப்பு எலும்பு முறிவுகளில் அயோடின்-ஆல்கஹால் கலவை பெற்றவர்களுள் 100க்கு 2.4 பேருக்கும், மற்றதைப் பெற்றவர்களுள் 3.3 பேருக்கும் சீழ்த்தொற்று கண்டது. இரண்டிலும் ஆல்கஹால் உண்டு; வேற்றுமையும் சிறிதே. எனவே, எப்புட்டி உயர்ந்தது என வாதிடுவதைவிட, அது விரலிடுக்கை எட்டியதா, முற்றும் உலர்ந்ததா என நோக்குவதே சிலாக்கியம். உலருமுன் மின்கருவியால் சுடின் தீப்பற்றும். திறந்த புண்ணில் ஆல்கஹால் இடுதல் தகாது.

இவ்வேலை மருத்துவமனைக்கு முன்பே, கிராமத்திலேயே தொடங்கவேண்டும். சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர் நகத்தை வெட்டி, அன்றாடம் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கை நன்கு துடைத்து வருமாறு ஊழியர் கூறவேண்டும். சவரக்கத்தி கூடாது, அதன் நுண்ணிய கீறல்களே கிருமிக்கு வாயிலாகும். சேற்றுப்புண் ஆறாதிருப்பின் மருத்துவருக்கு முன்னரே அறிவித்தல் அவசியம். தேதி தள்ளிப்போனாலும் பாதகமில்லை. நீரிழிவால் மரத்த காலை வெந்நீரில் ஊறவைக்கும் வழக்கத்தை மாத்திரம் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். வெந்து கொப்புளித்த பின்னரும் அவர் அதனை உணரமாட்டார்.