வெப்சைட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி பத்திரம் யார் பேர்லன்னு பாருங்க

போனஸ் வந்த மாசம் வீட்ல இந்தப் பேச்சு வரும்: "நம்ம கடை வெப்சைட் ரொம்பப் பழசா இருக்கு. நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு, புதுசா மாத்திக் குடு." நீங்களும் ஒரு டிசைனர்கிட்ட கேப்பீங்க. அவர் 60,000 ரூபாய்னு சொன்னா, 18 சதவீத ஜிஎஸ்டியோட 70,800. பர்சனல் லோன் போட்டாவது முடிச்சிடலாம்னு தோணும். என்னைக் கேட்டா, இப்போதைக்கு அட்வான்ஸே குடுக்காதீங்க.

முதல்ல டொமைனைப் பாருங்க. பல சின்னக் கடைகள்ல, அன்னைக்கு சைட் செஞ்சு குடுத்தவரோட மெயில் ஐடியிலதான் அது பதிவாகியிருக்கும். அவர் ரினியூ பண்ண மறந்தா, போர்டுலயும் பில் புக்லயும் அச்சடிச்ச முகவரியே கைவிட்டுப் போயிடும். டிசைன் நாலஞ்சு வருஷத்துல பழசாகிடும், டொமைன்தான் சொத்து. அடுத்தவர் பேர்ல பத்திரம் இருக்கிற வீட்டுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா? முதல்ல அதை அப்பா பேருக்கு, அவர் மெயிலுக்கு மாத்துங்க.

ரெண்டாவது, கூகுள் சர்ச் கன்சோல்ல சைட்டை இணைங்க. இது இலவசம். மூணு மாசம் விட்டா, என்ன தேடி எந்தப் பக்கத்துக்கு ஆள் வர்றாங்கன்னு தெரியும். புது சைட்ல முகவரிகள் மாறினா, பழைய பக்கத்துக்கு வர்றவங்களைப் புதுப் பக்கத்துக்கு அனுப்ப 301 ரீடைரக்ட் போடணும். குறைஞ்சது ஒரு வருஷமாவது அதை வைக்கச் சொல்லுது கூகுள். கொட்டேஷன்ல இந்த வரி இல்லைன்னா, தேடி வர்ற கஸ்டமருக்கு 404 பக்கம்தான் கிடைக்கும்.

மூணாவது, இலவசமாவே சரியாகுற விஷயங்களை முடிங்க. குரோம்ல "பாதுகாப்பற்றது"ன்னு வருதா? லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்குக் காசு கிடையாது. போன் நம்பர், கடை நேரம், கூகுள் மேப்ல இடம் எல்லாம் சரியா இருக்கா?

"பழைய டிசைனைப் பார்த்தா கஸ்டமர் நம்பமாட்டாங்களே"ன்னு கேக்கலாம். நியாயம்தான். போன்ல படிக்கவே முடியாத சைட்டைக் கண்டிப்பா மாத்தணும். ஆனா அந்தப் பணம் கடை வருமானத்துல இருந்து வரட்டும். உங்க எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. மூணு தவணையா குடுங்க. எல்லா லாகினும் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை.

இன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டொமைன் பாஸ்வேர்டு யார்கிட்டப்பா இருக்கு?"