ஏலம் எடுப்பவர் யார்?

போடிநாயக்கனூரில் ஏலம் என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. மலைமேல் விளைவதும் ஏலம். மலையடிவாரத்தில் விலை கூறுவதும் ஏலம். முன்னதற்கு உழைப்பு வேண்டும், பின்னதற்குப் பணம் வேண்டும். விடியுமுன் எழுந்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் எடுக்கப் போகிற தாய்மார்கள் முதல் ஏலத்துக்கு உரியவர்கள். அவர்கள் குனிந்து சரம் சரமாய் எடுத்த காயைக் குளிர்ச்சியான கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து விலை கேட்பவர்கள் இரண்டாம் ஏலத்துக்கு உரியவர்கள்.

அந்த இரண்டாம் ஏலத்தைப் பற்றி நமக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அது வெளிச்சத்தில் நடக்கிறது. எந்த லாட், எத்தனை கிலோ, என்ன விலை என்பது ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலக்கூடத்துத் திரையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஏலக்காய்க்கு இருக்கிற இந்த மரியாதை இந்த நாட்டின் வாக்குக்கு இருந்ததா என்பதுதான் நம் கேள்வி.

இல்லை என்கிறோம். 2018 முதல் 2024 வரை இந்த நாட்டில் இன்னொரு வியாபாரம் நடந்தது. திரை கிடையாது, லாட் நம்பர் கிடையாது. மாட்டுத் தாவணியில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்தப் பேரம். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்பது மாட்டுக்கும் தெரியாது, மாட்டுக்குப் புல் போட்டவனுக்கும் தெரியாது. அதற்கு டில்லி சூட்டிய பெயர் தேர்தல் பத்திரம்!

திட்டத்தை நினைவூட்டுவோம். 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வழி செய்து, 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் விற்பனை. ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் உண்டு, பத்தாயிரம் உண்டு, இலட்சம், பத்து இலட்சம், கோடி உண்டு. ஏழையும் கொடுக்கலாம், பணக்காரனும் கொடுக்கலாம் என்று பசப்பினார்கள். நடந்தது என்ன? மொத்தம் விற்ற 16,518 கோடி ரூபாயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கோடி ரூபாய்ப் பத்திரங்கள்! ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கக் கியூவில் நின்ற கூலிக்காரனை யாரேனும் கண்டதுண்டா?

ஒரு கோடி என்றால் என்ன என்பதை மலைக்கணக்கில் சொல்வோம். நாட்கூலி 500 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 250 நாள் வேலை கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மழை, அட்டை, காய்ச்சல், வேலையில்லாத மாதம் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். அந்தத் தாய் உண்ணாமல், உடுத்தாமல், ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தால் 80 ஆண்டில் ஒரு பத்திரம் வாங்கலாம். ஒரே ஒரு பத்திரம். 2019 ஏப்ரலுக்கும் 2024 ஜனவரிக்கும் இடையே ஒரே ஒரு லாட்டரி நிறுவனம், பியூச்சர் கேமிங், வாங்கிய பத்திரங்களின் தொகை 1,368 கோடி. நம் தாய் அதற்கு ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் ஆண்டு காய் எடுக்க வேண்டும். தேர்தலன்று வாக்குச்சாவடியில் அவளுக்கும் ஒரு விரல், அந்த முதலாளிக்கும் ஒரு விரல். இருவர் விரலிலும் ஒரே மை. தேர்தலுக்கு மறுநாள் கோட்டைக் கதவைத் தட்டினால் யார் விரல் தட்டும் ஓசை கேட்கும்?

"கொடுப்பவர் பெயர் வெளியே தெரிந்தால் எதிர்க்கட்சிக்குக் கொடுப்பவருக்குத் தொல்லை வரும், ஆகவே இரகசியம்" என்றார்கள். அடடா, என்ன கருணை! ஆனால் அந்தப் பத்திரத்திலேயே, புறஊதா ஒளியில் மட்டும் தெரியும்படி ஓர் எண் ஒளிந்திருந்ததை 2018-லேயே பத்திரிகையாளர் ஒருவர் சோதித்து வெளியிட்டார். விற்ற பாங்கு சர்க்கார் பாங்கு. ஆக, ஆளுகிறவருக்கு அறிந்துகொள்ள வழி இருந்தது, வாக்களிப்பவருக்குத்தான் இரகசியம்! பத்திரம் வருமுன்பே ரிசர்வ் பாங்கு எச்சரித்தது. தேர்தல் ஆணையம் 2017 மே மாதம் இது பின்னோக்கிய அடி என்று எழுதிற்று. கேட்டார்களா?

அதுமட்டுமா? கம்பெனிச் சட்டத்தின் கதையைப் பாருங்கள். 1957-இல் டாட்டா இரும்புக் கம்பெனி, கட்சிக்குப் பணம் கொடுக்கத் தன் அமைப்பு விதியைத் திருத்த அனுமதி கேட்டு நின்றது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா, சட்டப்படி தடுக்க இயலவில்லை என்று அனுமதித்தார்; ஆனால் இந்த அபாயம் வளர்ந்து வளர்ந்து ஒருநாள் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்கும் என்று பார்லிமெண்டுக்கு எச்சரிக்கையும் விடுத்தார். 1960-இல் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். 1969-இல் கம்பெனி நன்கொடையே கூடாது என்று தடுத்தார்கள். தடுத்ததும் நின்றதா? மேசைமேல் வந்தது மேசைக்கடியில் வந்தது. 1985-இல் மறுபடி கதவு திறந்தது, இலாபத்தில் 5 சதவீதம். 2013-இல் அது 7½ சதவீதமாயிற்று. 2017-இல் வரம்பே போயிற்று! மூன்றாண்டு இலாபத்தில் இத்தனை பங்கு என்ற கட்டுப்பாடும் இல்லை. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கடமையும் இல்லை. நட்டத்தில் ஓடும் கம்பெனி நன்கொடை தரலாம். கூலி கொடுக்கக் காசில்லை என்று கைவிரிக்கிற கம்பெனியும் கட்சிக்குக் கோடி கொடுக்கலாம்.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற ஆயம் ஒரே குரலில் இதை அடித்து நொறுக்கியது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு விரோதம் என்றது. கம்பெனிக்கு வரம்பற்ற உரிமை என்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றது. கணக்கைக் கொடு என்றால் ஸ்டேட் பாங்கு ஜூன் 30 வரை தவணை கேட்டது. ஜூனில் தேர்தலே முடிந்துவிடுமே! நீதிமன்றம் ஒரே நாள் கெடு கொடுத்தது. உடனே கணக்கு வந்தது. மார்ச் 14 அன்று நாடே படித்தது. நாலு மாதம் ஆகும் என்ற வேலை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடிந்தது எப்படி என்று பாங்குதான் சொல்ல வேண்டும்.

வெளியான கணக்கில் பாரதீய ஜனதாவின் பங்கு 6,060 கோடிக்கு மேல். மற்ற கட்சிகள் எல்லாம் அதற்கு வெகு தூரம் பின்னே. தமிழ்நாட்டுக் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். எதிரி சொல்லி நம் தோழன் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. திராவிட முன்னேற்றக் கழகம் தானே தெரிவித்தபடி பெற்றது 656 கோடியே 50 இலட்சம். அதில் 509 கோடி மேலே சொன்ன லாட்டரி நிறுவனத்தினுடையது. கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கித் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த மிகச் சில கட்சிகளில் அது ஒன்று. அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றது 6 கோடியே 5 இலட்சம். கம்யூனிஸ்டு கட்சிகள் இரண்டும் பத்திரத்தைத் தொடவில்லை. மார்க்சிஸ்டு கட்சி வழக்கே தொடுத்தது. லாட்டரியை 2003-இல் ஒழித்த மாநிலம் இது. இங்கே விற்க முடியாத சீட்டின் இலாபம் இங்கே கட்சிக்கு வந்து சேர்ந்ததே என்று ஒரு தொண்டன் கேட்டால், அவனை அடக்காதீர்கள். கேட்கக் கற்றுக் கொடுத்ததே இந்த இயக்கம்தான்.

துண்டு என்றதும் நமக்கு இன்னொரு துண்டும் நினைவுக்கு வருகிறது. தெருமுனைக் கூட்டம் முடிந்ததும் விரித்துப் பிடித்த துண்டு. அதில் விழுந்தது ஓரணா, நாலணா. 1967 தேர்தலுக்குப் பத்து இலட்சம் வேண்டும் என்றார் அண்ணா; விருகம்பாக்கம் மாநாட்டில் கலைஞர் கொடுத்தது பதினொரு இலட்சம். அந்தப் பணம் ஊர் ஊராகச் சுற்றித் திரட்டிய பணம். துண்டில் போட்டவன் கேட்டது ஒரு சலுகையும் அல்ல, ஒரு டெண்டரும் அல்ல, ஆட்சி மாற்றம். விரித்த துண்டுக்கும் மூடிய துண்டுக்கும் உள்ள வேறுபாடு அது.

உலகத்தில் வேறெங்கும் இல்லையா என்பார்கள். இருக்கிறது, அமெரிக்காவில் நன்றாகவே இருக்கிறது. அங்கே காங்கிரஸ் என்றால் கட்சியல்ல, பார்லிமெண்டு. அதற்கு நிற்கும் வேட்பாளருக்குக் கம்பெனி தன் கல்லாவிலிருந்து கொடுக்கக் கூடாது என்று 1907-லேயே சட்டம் செய்தார்கள். 1943-இல் தொழிற்சங்கத்துக்கும் அதே தடை. தொழிலாளர் சும்மா இருந்தார்களா? சி.ஐ.ஓ. என்ற சங்கக் கூட்டமைப்பு, சிட்னி ஹில்மன் தலைமையில், தனியாக ஒரு குழு அமைத்தது; சங்க நிதியைத் தொடாமல், உறுப்பினரிடம் தலைக்கு ஒரு டாலர், விரும்பினால் கொடு என்று கேட்டது. அரசியல் நடவடிக்கைக் குழு பிறந்த கதை இது. ஆம், பாட்டாளி பெற்ற பிள்ளை! பிறகு முதலாளிமார் அந்தப் பிள்ளையைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிகள் தம் அதிகாரிகளிடமும் பங்குதாரரிடமும் திரட்டி ஆயிரக்கணக்கில் குழு அமைத்தன. ஆனாலும் ஒரு குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 5,000 டாலருக்கு மேல் தரக்கூடாது. 200 டாலருக்கு மேல் கொடுத்தவர் பெயர் வெளியிடப்பட வேண்டும். அந்த வேலியையும் 2010-இல் அங்குள்ள நீதிமன்றங்கள் பக்கவாட்டில் உடைத்தன. வேட்பாளர் கையில் கொடுக்காமல், அவருக்காகத் தனியே செலவழித்தால் வரம்பே இல்லை என்றார்கள். 2024-இல் ஈலான் மஸ்க் என்ற ஒரே செல்வர் கொட்டியது 25 கோடி டாலருக்கு மேல்.

சிரிக்காதீர்கள், அந்தச் சந்து நம்மிடமும் உண்டு. 1974-இல் உச்சநீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் செலவே என்றது. தீர்ப்பு வந்த அதே அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டு அதைக் கவிழ்த்தார்கள். 2022 ஜனவரியில் சட்டமன்ற வேட்பாளருக்கு வகுத்த வரம்பு 40 இலட்சம். அவரை நிறுத்தும் கட்சிக்கு வரம்பு கிடையாது. தொட்டிக்கு அளவு வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து விட்டவர்கள் நாம்.

பத்திரம் ஒழிந்தபின் பணம் நின்றதா? தேர்தல் அறக்கட்டளை என்ற வாய்க்கால் இருக்கிறது; அறம் என்ற சொல்லுக்கு வந்த கேட்டைப் பாருங்கள்! 1996-இல் டாட்டாக்கள் தொடங்கி வைத்தார்கள், 2013-இல் அரசு திட்டமாக்கியது. கம்பெனிகள் அதில் ஊற்றும், அது கட்சிகளுக்குப் பகிரும். பெயர்ப் பட்டியல் வெளியாகிறது, அந்த மட்டில் பத்திரத்தைவிட மேல். ஆனால் பல கம்பெனிப் பணம் ஒரே அண்டாவில் கலந்தபின் எந்தக் காய் எந்தத் தோட்டத்தது என்று எப்படிப் பிரிப்பது? 2024-25-இல் இந்த வாய்க்காலில் ஓடியது 3,800 கோடிக்கு மேல். ஐந்தில் நான்கு பங்கு மத்தியில் ஆளும் கட்சியின் வயலுக்கே பாய்ந்தது.

போடிக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். ஏலக்காய்க்காகப் போட்ட மதுரை–போடி இரயில் பாதை 2010 டிசம்பரில் அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டது. தொண்ணூறு கிலோமீட்டர். போடிக்கு மறுபடி வண்டி வந்தது 2023 ஜூனில்! பன்னிரண்டரை ஆண்டு. மலைக்குப் போகிற கூலிக்கும், ஜீப்பின் பாதுகாப்புக்கும், வெளிநாட்டுக் காயால் விழும் விலைக்கும் குரல் கொடுக்க, பத்திரம் வாங்கிக் கொடுத்த முதலாளி யாராவது உண்டா?

தொழிலாளர் ஒரு செய்தியை மனத்தில் வைக்க வேண்டும். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசியலுக்குச் செலவழிக்க விரும்பும் சங்கம் தனி நிதி வைக்க வேண்டும் என்றது. சங்கத்தின் பொது நிதியிலிருந்து அதற்கு எடுக்கக் கூடாது. கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்காதவனை ஒதுக்கவும் கூடாது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், வேலியாக எழுதினான். சரி, ஏற்கிறோம். ஆனால் அந்த வேலி பாட்டாளியின் நாலணாவுக்கு மட்டும்தானா? கம்பெனியின் டைரக்டர்கள் நாலுபேர் கூடித் தீர்மானம் போட்டால், பங்குதாரர் பணமும் தொழிலாளி உழைப்பில் வந்த இலாபமும் கட்சிக்குப் போகலாம். பங்குதாரரைக் கேட்க வேண்டியதில்லை, தொழிலாளியை நினைக்கவும் வேண்டியதில்லை. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், பங்குதாரர் ஒப்புதல் வாங்காமல் கம்பெனி கட்சிக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்றது. 16-ஆம் பிரிவைக் கம்பெனிச் சட்டத்திலும் எழுதுங்கள் என்று கேட்கிறோம்: தனி நிதி, விருப்பமுள்ளவர் பணம், கொடுத்தவர் பெயருக்கு நேரே பெற்றவர் பெயர். கட்சியின் செலவுக்கும் வரம்பு.

கட்சிகள் ஆண்டுதோறும் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பட்டியலைத் தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்கின்றன. அது எவரும் பார்க்கக் கூடிய பட்டியல். போடித் தோழர்களுக்கு ஒரு வேலை: அடுத்த பட்டியல் வந்ததும், நம் கட்சி உட்பட எல்லாக் கட்சிகளுடையதையும் எடுத்து, படிப்பகத்துக் கரும்பலகையில், அன்றைய ஏலக்காய் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். சாயங்காலம் ஜீப் இறங்கி வருகிறவர்கள் படிக்கட்டும்.