நாய் வளர்க்கலாமா?

மும்பையில் குடியிருக்கும் நம் குடும்பங்களில், "ஒரு நாய்க்குட்டி வாங்கலாம்பா" என்று கேட்காத குழந்தை அபூர்வம். ஆறாவது படிக்கும் என் மகளும் கேட்டாள். உடனே மறுக்க மனம் வரவில்லை. நானும் என் மனைவியும் ஒரு மாதம் யோசித்து, இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்தக் காரணங்கள் நம்மவர்களில் பலருக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. எங்கள் வீடு டோம்பிவிலியில். இருவருக்கும் ஆபீஸ் ஃபோர்ட்டில். காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புகிறோம். மகள் பள்ளி விட்டு வர நாலு மணி ஆகும். அதுவரை எட்டரை மணி நேரம் குட்டி பூட்டிய வீட்டில் தனியாக இருக்க வேண்டும். மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தினம் மூன்று நான்கு வேளை தீனியும் வேண்டும். தனிமையில் குரைக்கும், செருப்பையும் சோபாவையும் கடிக்கும். களைத்து வரும் நாம் அதை அடிப்போம். தப்பு அதனுடையதா?

"ஊரில் நாய் வளர்க்கவில்லையா?" என்பார்கள். ஊரில் நாய் திண்ணையில் படுக்கும், தெருவில் திரியும். வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்கும். இங்கே மூன்றாவது மாடியில் ஒரு பெட்ரூம் பிளாட். நம் ஊர்ப் பெருமை என்று ராஜபாளையம் குட்டியை வரவழைக்கிறவர்களும் உண்டு. அது வேட்டைக்கு ஓடிய இனம். ஹாலில் எங்கே ஓடும்?

வளர்ப்புப் பிராணிகளுக்கு சொசைட்டிகள் தடை விதிக்கக் கூடாது என்று 2015இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் சுற்றறிக்கை விட்டது. அதைக் காட்டிப் பலர் வாதாடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த வாரியம் பிறந்ததே 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தால். அச்சட்டத்துக்காகப் பாடுபட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை உலாவ விடாமல் அலட்சியம் செய்வது குற்றம் என்கிறது அதன் 11ஆவது பிரிவு. உரிமையைப் படிக்கிறவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

அடுத்தது நமக்கே உரிய சங்கடம். மே மாதம் ஊருக்குப் போகும்போது நாயை யாரிடம் விடுவது? தவிர, நம்மில் பலருக்கு மாற்றல் உத்தியோகம். எங்கள் பில்டிங்கில் ஒரு குடும்பம் மாற்றலாகிப் போனபோது நாயை கேட்டருகே விட்டுவிட்டுப் போனார்கள். பல நாள் அது மாடியேறி, பூட்டிய கதவின் முன்னால் படுத்துக் கிடந்தது. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். அத்தனை வருஷமும் கூட இருப்போம் என்ற உறுதி வேண்டாமா?

யாருமே வளர்க்கக் கூடாது என்பதல்ல என் வாதம். ரிடையரான பெற்றோர் கூட இருந்தால் வளர்க்கலாம். ஆனால் முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி இறங்கப் போவது அவர்கள்தான். முதலில் அவர்களைக் கேளுங்கள். பகலில் வந்து பார்க்க நம்பகமான ஆள் வைக்க முடிந்தாலும் சரி. அப்போதும் குட்டியைவிட வளர்ந்த நாயே மேல்.

"குழந்தைக்குத் துணையாக இருக்குமே" என்பதுதான் எங்களையும் ஆட்டிய வாதம். யோசித்தால், நாங்கள் வீட்டில் இல்லாத குறையைத் தீர்க்க இன்னொரு உயிரைக் கொண்டுவந்து, அதையும் தனிமையில் அடைக்கப் பார்த்தோம். கீழ்வீட்டு மராத்தி ஆஜியிடம் ஒரு நாய் இருக்கிறது. இப்போது தினமும் மாலையில் மகள் அதை அவரோடு உலாவ அழைத்துப் போகிறாள். என் மனைவியும் வாரத்தில் இரண்டு நாள் முன்னதாகக் கிளம்ப ஆபீஸில் அனுமதி வாங்கியிருக்கிறாள். மகள் மறுபடி கேட்பாள், தெரியும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதற்குப் பதில் கிடைக்கும் அன்று, நானே குட்டி தேடிப் போவேன்.