ஆரம்பிக்க ஆளுண்டு, முடிக்க ஆளில்லை

வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இந்தப் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. அப்படிப்பட்ட ஊரில், ஹேடோவில் எங்கள் சந்துப் பெண்கள் மார்ச் மாதம் பிறந்தால் குடத்தோடு டேங்கருக்கு நிற்கிறோம். வயிறு எரியுமா, எரியாதா?

ஊருக்குக் குடிநீர் தரும் அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் வீட்டுப் பின்புறத்திலேயே இருக்கிறது. கூரைத் தகரத்தின் ஓரத்தில் மழைத்தண்ணீரை ஏந்த வாய்க்கால் அடித்தாயிற்று. அதிலிருந்து பிவிசி குழாய் இறங்குகிறது. கீழே கறுப்புத் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் குழாய், தொட்டிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. ஒரு எல்போ, ஒரு துண்டுக் குழாய், கொஞ்சம் பசை, அவ்வளவுதான் பாக்கி. மே கடைசியில் மழை பிடித்தால் டிசம்பர் வரை அந்த ஒரு முழ இடைவெளி வழியாக அத்தனை தண்ணீரும் சாக்கடைக்குப் போகிறது.

வீட்டுக்காரரைக் கேட்டால் பதில் தயார்: "அந்த அளவு இங்க கிடைக்கல. அடுத்த கப்பல்ல சாமான் வரட்டும்."

கப்பல் மேல் பழி போடுவது இந்தத் தீவில் ரொம்பச் சுலபம். சென்னையிலிருந்து ஹேடோ துறைமுகத்துக்குக் கப்பல் வர மூன்று நாள் ஆகும், உண்மைதான். ஆனால் எத்தனையோ கப்பல் வந்து போய்விட்டது; எல்போ மட்டும் வரவில்லை. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலுக்கடியில் கேபிள் போட 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று அது பயன்பாட்டுக்கே வந்துவிட்டது. கிட்டத்தட்ட 2,300 கிலோமீட்டர்! நடுவில் கொரோனாவும் வந்தது. முடிக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்குக் கடல் குறுக்கே நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் மட்டுமா இது? சந்தில் நடந்து பாருங்கள். சுவர் எழும்பிப் பூச்சு பூசாத அறை. ஒரு கோட் பெயின்ட் அடித்து நின்ற கேட். துணி வெட்டி வைத்து, தைக்காமல் கிடக்கும் ஜாக்கெட். ஆரம்பத்துக்கு நல்ல நாள் பார்க்கிறோம், தேங்காய் உடைக்கிறோம், மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். கடைசியில் மிச்சமிருக்கும் சில்லறை வேலைக்கு யாரும் பாராட்டப் போவதில்லை என்பதால் அதை வேலையாகவே நினைப்பதில்லை. பாதியில் விட்டவருக்கு அது மறந்துபோகிறது. குடம் தூக்குகிறவளுக்குத்தான் தினமும் ஞாபகம் வருகிறது.

வள்ளுவர் வினைசெயல்வகையில் இதைக் கடுமையாகவே சொல்லியிருக்கிறார்: முடிக்காமல் விட்ட வேலையின் மிச்சமும் பகையின் மிச்சமும், அணைக்காமல் விட்ட நெருப்பைப் போலப் பின்னால் வளர்ந்து கெடுக்கும். அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு விட்டுவிட்டோம்.

பாதியில் விடும் இந்தப் பழக்கம் போகாதா? போகும். 2011-இல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்காத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும். அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவு செய்தாலே அந்த அரிப்பு அடங்கும் என்று கண்டார்கள். ஆகவே "பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்த கையோடு, குழாயை இணைக்க வேண்டும் என்று நாளையும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். சாமான் வாங்கப் போகும் முன் கடைசித் துண்டு வரை அளந்து எழுத வேண்டும். முதல் வேலை முடியாமல் இரண்டாவதைத் தொடக் கூடாது. மேஸ்திரிக்குக் கடைசித் தவணை, வேலை முடிந்து இடத்தைக் கூட்டிப் பெருக்கிய பிறகுதான்.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை, கப்பலுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. வீட்டில் யாராவது புதிதாக ஒன்றை ஆரம்பிக்கிறேன் என்று வந்தால் இனி நான் தட்டில் வெற்றிலை பாக்கு வைக்கப் போவதில்லை. பழையதை முடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.