சித்தி அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்

முழங்கால் வலி டீச்சர் ஏதோ நீளமாக எழுதியிருக்கிறாளே என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

போன மாதம் எழுபத்தெட்டு வயதான என் சித்தியை மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். மன்னார்புரத்திலிருந்து ஆட்டோ. கல்யாணமான புதிதில் ஆண்டார் வீதியில் குடியிருந்தவர் அவர். இடுப்பில் பிள்ளையோடு உச்சிப் பிள்ளையார் வரை ஏறி இறங்கினவர். மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படிகளை அண்ணாந்து பார்த்தார். "நீ போயிட்டு வாடி, நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்றார். எனக்கும் ஏற மனசு வரவில்லை. இரண்டு பேரும் தேங்காய்க் கடை ஓரமாக உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினோம்.

அன்றிலிருந்து இத்தாலி ஞாபகமாகவே இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஜெர்மனியில் இருக்கும் மகள் என்னை அங்கே அழைத்துப் போனாள். அந்த நாட்டில் பழைய ஊர்களில் பாதி, மலை முகட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எதிரிக்குப் பயந்து மேலே கட்டிக்கொண்டவை. இப்போது எதிரி இல்லை, ஏற்றம் மட்டும் இருக்கிறது.

பெருஜியா என்று ஓர் ஊர். 1540-களில் போப் மூன்றாம் பால் அந்த ஊரை அடக்குவதற்காக, ஒரு பகுதி வீடுகளையும் தெருவையும் அப்படியே அடியில் புதைத்து மேலே கோட்டை கட்டினார். பிறகு ஜனங்கள் கோட்டையை இடித்தார்கள். அடியில் கிடந்த தெரு மிஞ்சியது. 1983-இல் அந்தப் புதைந்த தெரு வழியாகவே எஸ்கலேட்டர் போட்டுவிட்டார்கள். டிக்கெட் கிடையாது. காய்கறிப் பையோடு கிழவிகள் நின்றபடியே மேலே போகிறார்கள். இரண்டு பக்கமும் நானூறு, ஐந்நூறு வருஷத்துச் சுவர். ஊருக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே ஊரைப் பார்த்துவிடலாம்.

ஓர்வியேட்டோவில் கயிறு இழுக்கும் ரயில். 1888-இல் அது தண்ணீரின் எடையால் ஓடியதாம். மேலே நிற்கும் பெட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது இறங்கும், கீழ்ப்பெட்டி ஏறும். அஞ்சாம் வகுப்பில் கப்பியும் எடையும் நடத்தியபோது இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்! 1990-இலிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது.

எல்லா ஊரும் அப்படியில்லை. சிவிதா என்ற ஊருக்கு நீண்ட நடைபாலம் ஒன்றுதான் வழி. 2013-லிருந்து நுழையவே காசு. குடியிருப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அங்கே நானும் பாலத்தின் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். மலைக்கோட்டைக்கு ரோப் கார் வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. அய்யர்மலையில் 1017 படிக்கு மாற்றாக 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது, நமக்கு ஏன் இல்லை என்று உறவுகளே கேட்கிறீர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் பறந்துபோனால் நடுவில் இருப்பதெல்லாம் என்ன ஆவது? மகேந்திரவர்மன் குடைந்த குகையில் கங்கையைச் சடையில் ஏந்தி நிற்கும் சிவனை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறீர்கள்? மலையே 83 மீட்டர்தான். அதைச் சுற்றிக் கடையும் வீடுமாக நெருக்கியடிக்கிறது. தூண் எங்கே நடுவது?

எனக்கு வேண்டியது தாயுமானவர் சன்னதி வரை ஒரு லிஃப்டோ, பெருஜியா மாதிரி எஸ்கலேட்டரோ. அதற்கு மேலே படி படியாகவே இருக்கட்டும். அது வரும்வரை, ஐம்பது படிக்கு ஒரு இடத்தில் உட்காரத் திண்ணையும் குடிதண்ணீரும் போதும்.

"கஷ்டப்பட்டு ஏறினால்தானே புண்ணியம்" என்பார் என் பெரியம்மா மகன். அண்ணே, பழனியில் 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. முருகனுக்குக் கூட்டம் குறைந்ததா? அதுவும் இந்தச் சன்னதியில் அதைச் சொல்லலாமா? காவிரியில் வெள்ளம் வந்து, பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். அவளால் வரமுடியவில்லை என்று சாமியே தாய் வேஷத்தில் வந்து ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்தார் என்பதுதானே கதை? சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று பிள்ளைத்தாய்ச்சிகள் வேண்டிக்கொள்வதும், பிறகு வாழைத்தார் கட்டுவதும் அவருக்குத்தான். அந்தப் பெண்களை மூச்சிரைக்க ஏறச் சொல்கிறோம்.

என்னிடம் படித்தவர்களில் சிவில் இன்ஜினியர்கள் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள். அறநிலையத் துறையிலும் ஒருவன் இருக்கிறான், பெயர் சொல்லமாட்டேன். குகைகள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால் பாறையை நினைத்தபடி குடைய முடியாது என்பது எனக்கும் தெரியும். பாறையைத் தொடாமல், படிக்கட்டு ஓரமாகவே ஏதாவது செய்ய முடியுமா? யோசித்துச் சொல்லுங்கள். ஒரு மனு எழுதிக் கொடுத்தால் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. முதல் கையெழுத்து சித்தி போடுவதாகச் சொல்லிவிட்டார்.

காலையில் பிசியோதெரபி இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.