கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் முதிய தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறேன். ஊதிய நிலுவையைப் பற்றி நெடுநேரம் பேசிய ஒரு மூதாட்டி, எழும்போது கேட்டார்: “எம் பேரு வெளிய வராதுல்லா தம்பி?” வராது என்றேன். என் மடிக்கணினியின் வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் அளித்த உறுதி அது.

வன்தட்டைக் காப்பது கடவுச்சொல் என்றே நம்மில் பலர் கருதுகிறோம். உண்மையில், லினக்ஸ் கணினிகளின் எல்.யு.கே.எஸ். முறையில் தரவைப் பூட்டுவது, நிறுவும்போது கணினியே உருவாக்கும் முதன்மைத் திறவுகோல். கடவுச்சொல் அத்திறவுகோல் வைக்கப்பட்ட பேழைக்கான பூட்டு மட்டுமே. எனவே அத்திறவுகோல் எவராலும் ஊகிக்கவியலாத சமவாய்ப்பு எண்ணாக இருத்தல் வேண்டும். வன்பொருள் நிகழ்வுகளுக்கு இடையிலான நுண்ணிய நேர வேறுபாடுகள், செயலியிலுள்ள எண் உருவாக்கி முதலியவற்றிலிருந்து இயங்குதளம் அதைத் திரட்டுகிறது.

அத்திரட்டல் பழுதுபட்டால் வெளியே எதுவும் தெரியாது. 2006இல் டெபியன் இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் சில வரிகள் நீக்கப்பட்டன. அதன்பின் எண் உருவாக்கத்துக்கு எஞ்சிய மாறும் உள்ளீடு செயல்முறை எண் ஒன்றே. அதற்கு ஏறத்தாழ 32,768 மதிப்புகளே உண்டு. 2008 மே மாதம் பிழை வெளிப்படும்வரை உருவான திறவுகோல்கள் யாவும் வலிமையானவை போலவே தோன்றின.

இன்றைய லினக்ஸ் கருவகம் இப்பணியைச் செவ்வனே செய்கிறது; நாம்தான் அதைச் செய்யவிடுவதில்லை. நான் அறிந்த ஒரு துறையில், குறியாக்கம் செய்த ஒரு வன்தட்டின் படியையே எல்லாக் கணினிகளிலும் ஏற்றி, கடவுச்சொற்களை மட்டும் மாற்றித் தந்தனர். கடவுச்சொல்லை மாற்றினால் முதன்மைத் திறவுகோல் மாறாது. அவற்றுள் ஒரு கணினியின் முழு அணுகல் பெற்ற எவரும் அத்திறவுகோலை எடுத்து, கைக்குக் கிடைக்கும் மற்றொரு கணினியின் வன்தட்டையும் திறந்துவிடலாம்.

ஆய்வு அறக்குழுக்கள் “தரவு குறியாக்கம் செய்யப்படுமா?” என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றன. “திறவுகோல் இக்கணினியிலேயே புதிதாக உருவானதா?” என்றும் கேட்க வேண்டும். படியெடுத்த கணினி எனில் மறுகுறியாக்கம் செய்து புதிய திறவுகோலை உருவாக்குங்கள். தரவை முன்னதாக வேறிடத்தில் காப்பெடுத்து வையுங்கள். சில மணி நேர வேலைதான். ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைத்தவர்களுக்கு அந்த அளவேனும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.